நல்லூரான் வாசல் இல்லாத ஊரில்

தங்கச்சி, கனடா வந்து ஐந்து மாதம், அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை, செய்த வேலையும் போய்விட்டது, அம்மா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஊரிலென்றால் நல்லூர் முருகன் வாசலில் நின்று அழுதாலே மனம் ஆறிவிடும். இங்கே கடவுள் என்னோடு இருக்கிறார் என்று எப்படி அக்கா தெரியும்?" என்று கேட்கிறீர்கள்.

வந்த புதிதில் இதே கேள்விதான் என்னையும் தின்றது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் சண்டை நடக்க, வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தச் சனத்துக்குள் என் அம்மாவும் இருந்தார். நான் ரொறன்ரோவில், ஒரு போர்த்துக்கீச ஆச்சியின் வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு. ஊருக்குப் போன் எடுக்க வழியில்லை. யார் எங்கே, இருக்கிறார்களா இல்லையா என்று கடிதம் வந்தால்தான் தெரியும். வேலைக்குப் போவேன், வருவேன், லைட்டும் போடாமல் இருப்பேன்.

ஆச்சிக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அப்படித்தான். கணவர் இறந்ததிலிருந்து கறுப்பு உடுப்பு மட்டுமே போடுகிற மனுஷி. என் முகத்தைப் பார்த்து என்னவோ விளங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் பின்னேரம் படிக்கட்டில் ஒரு கிண்ணம் சூப் இருந்தது. உருளைக்கிழங்கைக் கரைத்து, கீரையை நூல் மாதிரி மெல்லிசாய் அரிந்து போட்ட பச்சைச் சூப். அவர்கள் வழக்கமாய் அதில் சொசேஜ் துண்டும் போடுவார்கள். வெள்ளிக்கிழமையில் நான் மச்சம் தொடுவதில்லை என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ, அன்றைய சூப்பில் மட்டும் அது இருக்காது. பிறகொரு நாள் மேலே கூப்பிட்டு, சின்னக் கடதாசி ஒன்றும் பேனையும் தந்து, அம்மாவின் பெயரை எழுதச் சொன்னார். தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துத் தன்னுடைய பாத்திமா மாதா சிலையின் காலடியில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று கடிதம் வரும்வரை அந்தக் கடதாசி அங்கேயே இருந்தது.

அம்மா தப்பியது அந்த மெழுகுதிரியாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உருகி உருகிக் கும்பிட்டும் தாயை இழந்தவர்கள் எத்தனை பேர். ஆனால் அந்தக் கிழமைகளில் கடவுள் என்னைத் தனியே விடவில்லை என்பது எனக்கு நிச்சயம். அந்த ஆச்சியின் முகத்தில் நான் கும்பிட்ட முருகனையே கண்டேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

இது எனக்கு மட்டும் நடந்த புதுமையும் இல்லை. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிப்புகாருக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நம் சனம் 155 பேரை கஸ் டால்ட்டன் என்கிற மீன்பிடிக் கப்டன் கண்டார். எல்லாரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். 30 வருடம் கழித்தும் அவர்களில் சிலர் அந்தக் கரைக்குத் திரும்பிப் போய், அவரைக் கண்டு நன்றி சொன்னார்கள்.

உங்கள் எழுத்தில் ஒன்று எனக்குக் கவலையாக இருந்தது. பக்கத்து அறைப் பிள்ளை சாப்பாடு கொண்டுவந்தபோது "சாப்பிட்டுவிட்டேன்" என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினீர்களாம். நம் ஆட்களுக்கு இந்தக் குணம் உண்டு, பசி வயிற்றைக் கிள்ளினாலும் வாங்க வெட்கம். தயவுசெய்து அதை விடுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த முறை தட்டினால் கதவைத் திறந்து, இருத்தி, அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லுங்கள். எங்கள் ஆச்சி மாதிரி முகம் பார்த்தே அறிகிறவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

வேலை கிடைக்கும்வரை, இலவசமாய்ச் சாப்பாட்டுச் சாமான் தருகிற உணவு வங்கிக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. 211 என்கிற உதவி எண்ணை அழைத்தால் கிட்ட உள்ள இடத்தைச் சொல்வார்கள், தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்றும் கேட்கலாம். சீக்கியர்களின் குருத்வாராவில் யார் போனாலும் பந்தியில் இருத்திச் சாப்பாடு போடுவார்கள். என்ன சமயம் என்று கேட்கமாட்டார்கள், தலையை மூடிக்கொண்டு போனால் சரி. அப்புறம், அம்மாவைப் பார்க்க ஓடிப்போகத்தான் மனம் சொல்லும். கோரிக்கை முடியமுன் ஊருக்குப் போனால் வழக்கே கெட்டுப்போகலாம். லோயரைக் கேட்காமல் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி அனுப்புங்கள். இந்த வெள்ளி ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறேன், அர்ச்சனை செய்விக்கிறேன். நீங்களும் வருவதென்றால் சொல்லுங்கள், காரில் இடம் இருக்கிறது. வேலை முடிந்து ஆறு மணிபோல் வந்து ஏற்றுவேன். அந்தப் பக்கத்து அறைப் பிள்ளைக்கும் விருப்பமென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.