ஸ்டார் கட்டியவர்

வணக்கம் சார்,

எங்களுக்குச் சொந்த ஊர் சேலம் குகை. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன வாரம் என் பெரியப்பா தவறிவிட்டார். எழுபத்தெட்டு வயது. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்தவர். ஆனால் அவர் பேரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் பட்டறை ஞாபகம் வராது, சிவாஜி மன்றம்தான் ஞாபகம் வரும். இருபது வயதில் மன்றச் செயலாளர் ஆனவர். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்த பிறகும் லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்துக்கொண்டு கடைசிவரை செயலாளராகவே இருந்தார். தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவர். "'திரும்பிப்பார்' செட்டுக்கு ஆணி அடிச்சது எங்கப்பா" என்று பெரியப்பா சொல்லாத நாள் கிடையாது.

காரியத்தன்று படத்திறப்பு வைத்திருக்கிறோம். நோட்டீஸ் அடிக்க வேண்டும். ரத்ததானம் செய்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தார் என்று மட்டும் போடலாம், ரசிகர் மன்றம் என்று போட்டால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள் என்கிறார் அண்ணன், அதாவது பெரியப்பா மகன். பெரியம்மாவோ, "சம்பாதிச்சதுல பாதி தியேட்டர் வாசல்லயே போச்சு" என்கிறார். எனக்குப் பெரியப்பா மேல் பிரியம் அதிகம். ஆனாலும் ஒரு நடிகருக்காக ஆயுளையே செலவழித்தது வீண்தானோ என்று எனக்கும் தோன்றுகிறது. இன்னொன்று, அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. பாட்டுப் புத்தகம், பழைய நோட்டீஸ், போட்டோக்கள், அப்புறம் ஏதோ கணக்கு எழுதிய நோட்டுகள். எடைக்குப் போட்டுவிடலாமா? நீங்கள் சேலத்துக்காரர் என்பதால் கேட்கிறேன். என் பெயர் போட வேண்டாம்.

---

அன்புள்ள சகோதரிக்கு,

பெட்டியை எடைக்குப் போட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரியம் முடிந்த மறுநாளே வீட்டைச் சுத்தம் செய்கிற வேகம் எல்லோருக்கும் வந்துவிடும். பெட்டியை இப்போதே உங்கள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் பெரியப்பாவை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பெயர் தெரியாது. குகைப் பக்கத்திலிருந்து வரும் மெலிந்த மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறடு. நாங்கள் பையன்கள் "ஸ்டார் கட்டுறவர்" என்போம். எங்கள் வீடு எம்.ஜி.ஆர். வீடு. சிவாஜி படத்துக்குப் போவதென்றால் அப்பாவுக்குத் தெரியாமல்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போதெல்லாம் படம் தொடங்கும் முன்னே நான் பார்த்துக்கொண்டு நிற்பது தியேட்டர் முகப்பில் தொங்கும் அந்த ஸ்டாரைத்தான்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. புதுப்படம் வந்தால் ஒவ்வொரு மன்றமும் ஒரு ஸ்டார் கட்டித் தொங்கவிடும். மூங்கில் பத்தையைச் சீவி ஐந்து முனைச் சட்டம் இரண்டு செய்ய வேண்டும். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் குச்சி கொடுத்து உப்பவைத்தால் உருவம் வந்துவிடும். அதன்மேல் கலர் கண்ணாடித் தாள், முனைகளில் ஜிகினா, நடுவில் நடிகர் படம், உள்ளே பல்பு. எல்லா மன்றத்தாரும் சணலில்தான் கட்டுவார்கள். இரண்டு நாளில் முடிச்சு தளர்ந்து ஒரு முனை தொங்கிப்போகும். உங்கள் பெரியப்பா கட்டியது தளராது, ஒவ்வொரு மூட்டையும் மெல்லிய கம்பியால் சுற்றி முறுக்கியிருப்பார். பட்டறையில் கொலுசுக்கு வளையம் வளையமாகப் பற்றவைத்த கை அல்லவா! தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கும்வரை அந்த ஸ்டார் ஐந்து முனையும் நிமிர்ந்து நிற்கும். மன்றத்தின் பெயரை அடியில் சிறிதாக எழுதியிருப்பார், பக்கத்தில் போனால்தான் தெரியும். தன் பெயர் எங்கும் இருக்காது.

1967 தீபாவளிக்கு 'ஊட்டி வரை உறவு', 'இரு மலர்கள்' இரண்டும் ஒரே நாளில் வந்தன. தனக்குத் தானே போட்டி போட்டுக்கொண்ட நடிகர் அவர். மூன்று வருஷம் கழித்து 1970 தீபாவளிக்கும் அதே கதை, 'எங்கிருந்தோ வந்தாள்', 'சொர்க்கம்'. மன்றத்துக்காரர்களுக்கு இது சந்தோஷமா சோதனையா என்று சொல்ல முடியாது. கையிருப்புப் பணம் ஒன்று, தியேட்டர் இரண்டு. அந்த 1970-ல் நான் சின்னப் பையன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி உங்கள் பெரியப்பா ஒரு தியேட்டரில் ஏணி மேல் நிற்கிறார், கீழே சைக்கிள் கேரியரில் இரண்டாவது ஸ்டார் காத்திருக்கிறது. வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. ஊரே எண்ணெய்க் குளியலுக்குத் தயாராகிக்கொண்டிருக்க, இவர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு, "லைட்டப் போடுடா" என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்டாரும் ஒரே அளவு. ஒரு படத்துக்குப் பெரியது, இன்னொன்றுக்குச் சிறியது என்று செய்ய அவருக்கு மனசு வரவில்லை.

உங்கள் பெரியம்மா சொல்வது நியாயம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஸ்டாருக்கும் போஸ்டருக்கும் பசை காய்ச்சியது யார் என்று அவரிடம் ஒரு தடவை கேட்டுப்பாருங்கள். மைதாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சி, மாடும் எலியும் தின்னாமலிருக்க மயில்துத்தம் போட்டு இறக்குவது நடு ராத்திரியில் ஆண்பிள்ளைகள் மட்டும் செய்துவிடுகிற வேலையாக எனக்குத் தெரியவில்லை. மன்றத்து வரலாறுகளில் அடுப்படிக்கு இடமே கிடையாது. திட்டிக்கொண்டே காய்ச்சியிருப்பார், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

அண்ணன் சொல்கிற சம்பந்தி வீட்டுச் சிரிப்புக்கு வருகிறேன். ரத்ததானமும் நோட்டுப் புத்தகமும் நல்ல காரியங்கள்தான். ஆனால் அவர் அதற்காகவா மன்றம் நடத்தினார்? சிவாஜி பிறந்தநாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று செய்தார். சிவாஜியை எடுத்துவிட்டால் அந்த ரத்ததானமும் இல்லை. நோட்டீஸில் "சமூக சேவகர்" என்று போட்டால் சம்பந்தி வீட்டார் சிரிக்க மாட்டார்கள், சரி. ஆனால் அவரை அறிந்த நாலு கிழவர்கள் படத்துக்கு முன்னால் நின்று, "யாருக்குப் படம் திறக்கிறோம்?" என்று முழிப்பார்கள். எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

வீணா என்று கேட்டீர்கள். இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மன்றங்களைப் பாருங்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். நேற்றுவரை தியேட்டரில் தோரணம் கட்டியவர்கள் மறுவருஷமே வட்டம், நகரம் என்று பொறுப்புக்கு வந்தார்கள். சிலர் கவுன்சிலர் ஆனார்கள், சிலர் வீடு கட்டினார்கள். தப்பென்று சொல்லவில்லை, உழைத்தவர்களுக்குக் கிடைத்தது. சிவாஜி மன்றத்துக்காரர்களுக்கு இந்த வழி திறக்கவே இல்லை. காமராஜர் என்றார் சிவாஜி, இவர்களும் காமராஜர் என்றார்கள். காமராஜர் போன பிறகு இந்திரா காங்கிரஸ் என்றார், முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். 1988-ல் அவரே தமிழக முன்னேற்ற முன்னணி என்று கட்சி ஆரம்பித்தார். அடுத்த வருஷத் தேர்தலில் திருவையாற்றில் அவரே தோற்றார், கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் உங்கள் பெரியப்பா செயலாளராக இருந்தார் என்றால், எதையாவது எதிர்பார்த்து இருந்திருக்க முடியாது. அந்த மனிதர் நடிப்பதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். பிடித்த ஒன்றுக்கு உழைத்து, அதில் ஒரு பைசா லாபம் பார்க்காமல் போனவரைப் பற்றி நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சினிமா இந்த ஊருக்கு வெளியூர்ச் சரக்கும் கிடையாது. டி.ஆர். சுந்தரம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸை நடத்தியபோது தச்சர், தையல்காரர், பெயிண்டர், சமையல்காரர் என்று எத்தனை வீட்டில் அந்தச் சம்பளத்தில் உலை கொதித்தது! மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-ல் இங்கிருந்துதான் போனது. இன்று மிச்சமிருப்பது அந்த முகப்பு வளைவு ஒன்றுதான். உங்கள் தாத்தா ஆணி அடித்த 'திரும்பிப்பார்' 1953-ல் வந்தது. சிவாஜி நடிக்க வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். உங்கள் பெரியப்பாவுக்கு அப்போது ஐந்தாறு வயதிருக்கும். அப்பன் வேலை செய்த இடத்துக்கு வந்துபோனவர் சிவாஜி என்கிற உரிமை அவருக்கு அப்போதே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கை வேலைக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. ஆடி மாதம் அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கை நடக்கிற குகைக்காரர் அவர். வண்டியில் தேவலோகத்தையே கட்டி எழுப்புகிறவர்களுக்கு நடுவே வளர்ந்தவருக்கு மூங்கிலும் தாளும் கம்பியும் சொன்னபடி கேட்காதா? 2001-ல் சிவாஜி போனதும் ஆடி மாதத்தில்தான், ஜூலை 21. அந்த வருஷம் அவர் வண்டி கட்டும் பக்கம் போனாரா என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

2012-ல் 'கர்ணன்' டிஜிட்டலில் மறுபடி வந்தபோது அவரைக் கடைசியாகப் பார்த்தேன். ஒரு தியேட்டர் வாசலில் ஸ்டாரோடு நின்றார். மேனேஜர் சின்னப் பையன். "எங்க தொங்கவிடறது பெரியவரே?" என்கிறான். உண்மைதான், புதுக் கட்டடத்தில் கொக்கியே கிடையாது, கூரை முழுக்க வழவழப்பான பலகை. உங்கள் பெரியப்பா கோபப்படவில்லை. அண்ணாந்து பார்த்து நாலு பக்கமும் நடந்தார். பிறகு டிக்கெட் கவுண்டர் கம்பியில் கட்டிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் தலை இடிக்காமல் குனிந்து டிக்கெட் வாங்கினார்கள். அந்தப் படம் சென்னையில் நூறு நாளைத் தாண்டியது.

இனி பெட்டி. நீங்கள் "ஏதோ கணக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அதில் மிக உயர்ந்த சரக்காக இருக்கும் என்பது என் ஊகம். அந்தக் காலத்தில் இரண்டு மன்றங்களுக்கும் வசூல் சண்டை. உன் படம் இத்தனை நாள், என் படம் இத்தனை ரூபாய் என்று நோட்டீஸ் அடித்துப் பதிலுக்குப் பதில் கொடுப்பார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். தியேட்டரில் தினமும் டி.சி.ஆர். என்று ஒரு கணக்கு எழுதுவார்கள். காட்சிவாரியாக, வகுப்புவாரியாக எத்தனை டிக்கெட், எவ்வளவு ரூபாய், கேளிக்கை வரி எவ்வளவு என்று அதில் இருக்கும். கேஷியருக்குத் தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்து அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது செயலாளர் வேலை. உங்கள் நோட்டில் தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று பத்திகள் இருந்தால் அது அதுதான். ஊரில் பல தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் கடையாகவும் மாறிவிட்டன. அவற்றின் கணக்குப் புத்தகங்கள் எங்கே போயினவோ! எந்த வருஷம் டிக்கெட் விலை ஏறியது, நெசவுக்காரர்களுக்குக் கூலி வரும் நாளில் கூட்டம் எப்படி இருந்தது என்பதெல்லாம் ஒரு கொலுசுத் தொழிலாளியின் கையெழுத்தில் மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

ரசிகர்கள் சேர்த்துவைத்த காகிதம் இல்லையென்றால் தமிழ் சினிமாவுக்கு வரலாறே பாதிதான். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அதன் படச்சுருள் இன்று கிடையாது. பாட்டுப் புத்தகமும் விளம்பரங்களும் அந்தக் காலத்து விமர்சனங்களும்தான் நமக்கு மிச்சம். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் படத் தகவல்களைத் தேதி தேதியாகச் சேர்த்ததை வைத்துத்தான் இன்றுவரை எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவரும் ஆசையில் சேர்க்க ஆரம்பித்தவர்தான். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் அதற்கு அடித்தளம். பாட்டுப் புத்தகங்களின் அருமை அங்கே தெரியும். அவர்களிடம் கேளுங்கள். கொடுப்பதா, வீட்டிலேயே வைப்பதா என்பது பெரியம்மாவின் முடிவு.

அதற்குமுன் சில வேலைகள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். கணக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு பக்கத்தையாவது படித்துப் பார்க்கட்டும்.

நோட்டீஸுக்கு என் யோசனை: பெயர், வயது, அதன் கீழே "கொலுசுத் தொழிலாளி, சிவாஜி மன்றச் செயலாளர்". மற்றதெல்லாம் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் வரட்டும். லெட்டர்பேடில் மன்றத்தின் பதிவு எண் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்ததும் பழைய ஆட்களுக்குப் புரிந்துவிடும்.

படத்திறப்புக்கு அவர்கள் வருவார்கள். கைத்தாங்கலாக வருவார்கள், சாப்பாட்டுப் பந்தியில் அவசரப்படுத்தாதீர்கள். பந்தி முடிந்ததும் பெட்டியிலுள்ள போட்டோக்களை எடுத்து அவர்கள் முன்னால் பரப்புங்கள். யார் யார், எந்தத் தியேட்டர், எந்தப் படம் என்று சொல்லச் சொல்ல, பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.