ஆங்கிலத்தில் ஒரே விஷயத்தைச் சொல்ல ஏன் இத்தனை நடை? எதை எங்கே பயன்படுத்துவது?

எனக்கு இது உறைத்தது ஒரு மின்னஞ்சலில்தான். தினமும் அரட்டையடிக்கும் சக ஊழியர் ஒருவரிடம் ஒரு கோப்பு கேட்க வேண்டியிருந்தது. கனமாக எழுதினால் நல்ல ஆங்கிலம் என்ற நினைப்பில், 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி ஃபர்னிஷ் த சேம்' என்று எழுதிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில்: "என் மேல் ஏதும் கோபமா?" இலக்கணம் சரிதான். ஆனால் நெருங்கியவரிடம் திடீரென்று விறைப்பாகப் பேசினால் எந்த மொழியிலும் சந்தேகம் வரத்தானே செய்யும்!

இந்த அடுக்குகளுக்கு வரலாறு ஒரு காரணம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையில் பிரெஞ்சு, திருச்சபையில் லத்தீன், வீட்டிலும் வயலிலும் ஆங்கிலம் என்று பல தலைமுறை ஓடியது. அதனால்தான் ஒரே பொருளுக்கு மூன்று மொழி வழியாகவும் சொற்கள்: நண்பர் கேட்டால் ஆங்கில 'ஆஸ்க்', வக்கீல் கேட்டால் பிரெஞ்சு வழி 'கொஸ்டியன்', போலீஸ் கேட்டால் லத்தீன் வழி 'இன்டராகேட்'. மொழியியலாளர்கள் சத்தியப்பிரமாண வாசகம் தொடங்கி கணவன் மனைவி பேச்சு வரை ஐந்து நடைகளாகப் பிரிப்பதுண்டு. அன்றாடப் பிழைப்புக்கு அவ்வளவு தேவையில்லை.

தமிழர்களுக்கு வழுக்குகிற இடம் வேறு. 'அனுப்புங்கள்' என்றால் அந்த 'ங்கள்' மரியாதையைச் சுமந்துவிடும். ஆங்கிலத்தில் முதலாளிக்கும் குழந்தைக்கும் ஒரே 'யூ'. 'தௌ' என்று ஒரு ஒருமை இருந்தது, பொதுவழக்கில் எப்போதோ மறைந்துவிட்டது. ஆகவே மரியாதையை வாக்கியம்தான் சுமக்க வேண்டும். 'சென்ட் இட்' கட்டளை. 'கேன் யூ சென்ட் இட்' கேள்வி. 'குட் யூ' இன்னும் மென்மை. 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்' என்பது இப்போதைய தேவைதான், ஆனாலும் இறந்தகாலத்தில் நின்று கேட்கிறது. எதிராளி மறுப்பதற்கு இடம் விடுகிறது. 'ப்ளீஸ்' ஒட்டினால் எல்லாம் பணிவாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 'ப்ளீஸ் சென்ட் இட் டுடே' அப்போதும் உத்தரவுதான்.

அப்புறம், 'யூ ஹேட் பெட்டர் கம்' என்பதை அறிவுரை என்று நினைத்துப் பெரியவர்களிடம் சொல்கிறவர்கள் உண்டு. அதில் "வரலேன்னா நடக்கிறதே வேற" என்ற தொனி ஒட்டியிருக்கிறது.

நான் இப்போது செய்வது எளிது. எனக்கு வந்த கடிதத்தைப் பார்ப்பேன். 'ஹாய்' என்றா 'டியர்' என்றா, 'டோன்ட்' என்றா 'டூ நாட்' என்றா? அவர் எந்தப் படியில் நிற்கிறாரோ, நானும் அங்கேயே நின்று பதில் எழுதுகிறேன்.