கருகுற வாசனை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன சனிக்கிழமை வாடகைக்கு ஒரு கார் எடுத்துட்டு மதுரையில இருந்து தனியா கொடைக்கானல் போனேன். விடியக்காலை நாலரைக்குக் கெளம்பி ராத்திரி பத்துக்குள்ள வீடு. டம் டம் பாறை, சில்வர் காஸ்கேட், கோக்கர்ஸ் வாக், குணா குகை, தூண் பாறை, கிரீன் வேலி வியூ, வட்டக்கானல் பாம்பார் அருவின்னு ஏழு இடம் பாத்துட்டேன். தூண் பாறையில ஒரே மூட்டம், பத்து நிமிஷம் நின்னுட்டு வந்துட்டேன். இ-பாஸ் தொல்லை வேற. திரும்பும்போது பெட்ரோல் கம்மியா இருந்துச்சு, அதனால நியூட்ரல்ல போட்டே இறங்கினேன், நேரான இடத்துல இஞ்சினையும் ஆஃப் பண்ணிக்கிட்டேன். ஊத்துங்கற ஊரத் தாண்டினதும் ஏதோ எஸ்டேட்ல எரிக்கிற மாதிரி கருகுற வாசனை, அதையும் ரசிச்சுக்கிட்டே வந்தேன். ஆனா வீட்டுக்கு வந்து போட்டோ எல்லாம் பாத்தா எதுவுமே மனசுல ஒட்டல. தனியாப் போனதுதான் தப்பா? கூட ஒருத்தர் இருந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்குமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்தப்ப நான் மெக்கானிக் ஷெட்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். என் வண்டிக்கு பிரேக் ஆயில் மாத்திக்கிட்டிருந்தாங்க. பழைய ஆயில பாட்டில்ல பிடிச்சு அந்தப் பையன் காட்டினான், நேத்து வச்ச டிக்காஷன் மாதிரி இருந்துச்சு, "சார் இதோடவா மலைக்குப் போய்ட்டு வந்தீங்க"ன்னு கேட்டான், எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்துருச்சு. அந்த நேரம் பாத்து ஃபோன்ல உங்க மெயில். அதனாலதான் வரிசையில இருக்குற மத்த கடிதம் எல்லாத்தையும் விட்டுட்டு இதுக்கு எழுதறேன்.

முதல்ல சின்ன விஷயத்த முடிச்சிடறேன். இ-பாஸ் 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி இருக்கு, காசு கெடையாது, ஃபோன்ல ரெண்டு நிமிஷ வேலை. சினிமா டிக்கெட்டுக்கு ஓடிபி போடலையா? விடுங்க. தூண் பாறை மூட்டத்துக்கு பத்து நிமிஷமெல்லாம் பத்தாது. அந்த மூணு பாறையும் 400 அடி உசரம், அதுபாட்டுக்கு நிக்குது, எங்கயும் ஓடிடாது, நீங்கதான் ஓடிட்டீங்க. சில்வர் காஸ்கேட்ல குளிச்சீங்களான்னு எழுதல. அது ஏரி நிரம்பி வழியிற தண்ணி, 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் கட்டின அதே ஏரிதான், இப்ப அந்த ஏரியச் சுத்தி எத்தன லாட்ஜ் இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டு அப்புறமா குளிக்கறதப் பத்தி யோசிங்க.

தனியாப் போனது தப்பான்னு கேட்டிருக்கீங்க. தப்பே இல்ல. அதுக்கு வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஒரு வரி. "நியூட்ரல்ல போட்டே இறங்கினேன்." இனிமே நீங்க எல்லாம் கெடையாது, நீ தான். அறிவிருக்கா உனக்கு?

கருகுற வாசனை எஸ்டேட்ல இருந்து வரல ராசா. உன் காலுக்குக் கீழ இருந்து வந்துச்சு. உன் பிரேக் லைனர், அதான் சக்கரத்தப் பிடிச்சு நிறுத்துற தகடு, வெந்துக்கிட்டிருந்துச்சு, நீ கண்ணாடிய இறக்கிவிட்டு ரசிச்சுக்கிட்டு வந்திருக்க.

நான் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். மேல ஏழாயிரம் அடி, கீழ வத்தலகுண்டு ஆயிரம் அடி சொச்சம், கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி இறக்கம். ஒரு டன் கார் அவ்ளோ தூரம் இறங்குறப்ப வர்ற மொத்தச் சூட்டையும் ஒண்ணா சேத்தா சுமார் 60 லிட்டர் பச்சத்தண்ணியக் கொதிக்க வச்சிடலாம். கல்யாண வீட்டு அண்டா ஒண்ணு. காத்தும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கும், கியர்ல இருந்தா இஞ்சின் ஒரு பெரிய பங்கத் தாங்கிக்கும். நியூட்ரல்ல போட்டுட்டா இஞ்சின் கழண்டுக்குது, மிச்சம் முழுசும் நாலு சக்கரத்துல இருக்குற கையகலத் தகடு மேலதான். அது சூடேற சூடேற பிடிக்கிற சக்தி குறையும், நீ இன்னும் அழுத்துவ, இன்னும் சூடாகும். அப்புறம் ஆயில். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், டாட் 3ங்கற ரக ஆயில் புதுசுல 205 டிகிரி தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறினதுக்கு 140 டிகிரி தாங்கினாலே போதும்னு வச்சிருக்காங்க, அதுக்கு மேல கொதிச்சு உள்ள ஆவி குமிழ் கட்டிடும். ஆயில அழுத்தினா சக்கரத்துக்குப் போகும், ஆவிய அழுத்தினா அது சுருங்கிக்கும், அவ்ளோதான், பெடல் தரைக்குப் போயிடும். வாடகைக் கார்ல ஆயில் எந்த வருஷம் மாத்தினதுன்னு உனக்குத் தெரியுமா?

இஞ்சின ஆஃப் வேற பண்ணியிருக்க. பிரேக்குக்கு உன் கால் மட்டும் பலம் குடுக்கறதில்ல, இஞ்சின் ஓடுறப்ப கெடைக்கிற வேக்குவமும், அதான் காத்த உறிஞ்சுற இழுப்பும், சேந்துதான் மிதிக்குது. ஆஃப் பண்ணின பின்னாடி ரெண்டு மூணு மிதிதான் மிச்சம், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங்கும் கனத்துடும், எதிர்ல ஒரு பஸ் வளைவ அடைச்சுக்கிட்டு வரும். ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும்னு சட்டமே இருக்கு, நீ எதை வச்சு நிறுத்தி வழி விடுவ? இதுல சிரிப்பு என்னன்னா, நீ மிச்சம் பிடிக்கப் பாத்த பெட்ரோல் மிச்சமே ஆகியிருக்காது. இப்ப வர்ற வண்டியில எல்லாம் கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இஞ்சினுக்கு பெட்ரோல் போறதே நின்னுடும், சக்கரமே இஞ்சினச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாத்தான் இஞ்சின் சும்மா ஓடுறதுக்கே (ஐடிலிங்) பெட்ரோல் குடிக்கும்.

என் சித்தப்பா லாரி ஓட்டினவர். பூம்பாறையில மலைப்பூண்டு ஏத்திட்டு பெரியகுளம் பக்கம் வடுகபட்டி சந்தைக்கு இறக்குவார். (இப்ப அந்தப் பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடெல்லாம் குடுத்துட்டாங்க, அப்ப எங்களுக்கு அது வெறும் நாத்தம்.) பரிச்ச லீவுல என்னையும் கூட்டிட்டுப் போவார், பதினோரு வயசு எனக்கு. விடியறதுக்கு முன்னாடி கெளம்பிடுவோம். கேபின் பூரா பூண்டு நெடி, என் சட்டையில ஒரு வாரத்துக்குப் போகாது. அவ்ளோ நெடியிலயும் பெருமாள்மலை தாண்டி ரெண்டு வளைவு இறங்குறதுக்குள்ள மூக்கச் சுருக்கி, "வருதாடா?"ன்னு கிளீனர் அண்ணன்கிட்ட கேப்பார். அந்த அண்ணனுக்கும் வராது, எனக்கும் வராது. அவருக்கு வந்துடும். உடனே ஒரு கியர் இறக்குவார், லாரி வயித்துக்குள்ள இருந்து உறுமும். ஏறின கியர்லதான் இறங்கணும்னு அவர் ஒருநாளும் வாயால சொன்னதில்ல, ஆனா ஏறுறப்ப எந்த வளைவுல செகண்டுக்கு மாத்தினாரோ இறங்குறப்பவும் அந்த வளைவு வர்றதுக்கு முன்னாடியே செகண்டு விழும், நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டே வருவேன்.

டம் டம் பாறையில கண்டிப்பா நிறுத்துவார். நீ நிறுத்தின அதே இடம். கிளீனர் அண்ணன் குதிச்சு ஓடிப்போய் டயருக்குக் கல்லு குடுப்பார், சித்தப்பா இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் குனிஞ்சு புறங்கைய பிரேக் டிரம்முக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டுவார், தொடமாட்டார், எங்க அம்மா தோசக்கல்லு காஞ்சிருச்சான்னு பாப்பாங்களே அது மாதிரி. ஒருக்கா நான் உதவி பண்றேன்னு வாளித் தண்ணியத் தூக்கி ஊத்தப் போனேன், முதுகுல ஒண்ணு வச்சார். சூட்டுல தண்ணி பட்டா டிரம்மு விரிசல் விட்டுடும். அடிச்ச கையோட தோளப் பிடிச்சுத் திருப்பி, "அங்க பாரு, எலிவால் தெரியுதா"ன்னார். தலையாறு அருவி, 297 மீட்டர், எதிர் மலையில சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி. சத்தமே வராது. அவ்ளோ பெரிய தண்ணி ஊமையா விழுறத அன்னைக்குத்தான் பாத்தேன், முதுகு எரிச்சலோட. டிரம்மு ஆற முக்கால் மணி நேரம் ஆச்சு, அந்த முக்கால் மணி நேரமும் பாத்தேன். கீழ மஞ்சளாறு அணையில வெயில் மெல்ல ஏறுச்சு. சித்தப்பா பீடி குடிச்சார், ஒரு வார்த்தை பேசல. அவர் அருவி பாக்க நிறுத்தினதே இல்ல, வாழ்நாள் பூரா சக்கரத்துக்காக நிறுத்தினவர், ஆனா எந்த மாசம் எலிவால் மெலியும், எந்த மழைக்கு ரெண்டாப் பிரியும்னு அவர்கிட்டத்தான் கேக்கணும்.

முப்பது வருஷம் அந்த மலையில ஏறி இறங்கினார், ஒரு கீறல் கெடையாது. கடைசியில சுகர் வந்து வீட்ல கட்டில்லதான் போனார். அதுக்கப்புறம் நான் கார் வாங்கி முதல் தடவை மலைக்குப் போனப்ப, அவர் கூட அத்தன தடவை வந்தவன், உன்ன மாதிரியே சோம்பேறித்தனமா பிரேக்லயே கால வச்சு இறங்கி, ஊத்துக்குக் கீழ ஒரு வளைவுல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. கியர இறக்கி, ஹேண்ட் பிரேக்க இழுத்து, மலைப்பக்கம் சாக்கடையில உரசி நிறுத்தினேன். பின்சீட்ல என் பொண்ணு தூங்கிக்கிட்டிருந்தா. அதனாலதான் உன்னத் திட்டறேன்னு வச்சுக்கோ.

சரி, உன் கேள்வி. தனியாப் போனா ஒட்டாதான்னு கேட்ட. நான் தனியாத்தான் போறேன், எனக்கு ஒட்டுது. ஏழு இடத்துல ரெண்டு இடம் போதும், அதப் பத்தி இன்னொரு நாள் விரிவா எழுதறேன், இப்ப அதுக்கு மனசு இல்ல.

அதவிட அவசரம் ஒண்ணு இருக்கு. அந்தக் கார நீ ஞாயித்துக்கெழமையே திருப்பிக் குடுத்திருப்ப. வெந்த லைனரோட, கொதிச்ச ஆயிலோட. வெளிய கழுவிப் பளபளன்னு வச்சிருப்பாங்க. இந்த வாரம் வேற யாராவது குடும்பத்தோட அதுல ஏறுவாங்க. அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவாங்களேன்னு யோசிக்காத. இதப் படிச்சு முடிச்சதும் அவங்களுக்கு ஃபோன் பண்ணி நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாக்கச் சொல்லு. பண்ணிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.