முனகும் விசிறி

கேள்வி: குளியலறை எக்ஸோஸ்ட் விசிறி முனகுகிறது, சில நேரம் சுற்றுவதே இல்லை. ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் பயமில்லை என்கிறார் கணவர். உண்மையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை, தங்கையே. ட்ரிப் சுவிட்ச் மின்கசிவுக்குத்தான் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இறுகி நிற்கும் மோட்டாரில் பெரும்பாலும் கசிவு இருக்காது. மோட்டாரின் கம்பிச்சுருள் மட்டும் சூடேறிக்கொண்டே போகும், மேலே படிந்த தூசு தீப்பற்றலாம். நம் மலையகத்து மழையில் ஈர உடுப்பைக் குளியலறையில் காயப்போட்டு, நாள்முழுக்க விசிறியை ஓடவிடுகிறோம். கம்பளி உடுப்பின் பஞ்சு ஈரத்தோடு சேர்ந்து இறக்கையிலும் அச்சிலும் மெத்தைபோல் அப்பிக்கொள்ளும். மெயின் சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள்; மோட்டாரில் தண்ணீர் படவே கூடாது. இறக்கையை விரலால் தள்ளிப் பாருங்கள். இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள், புதிதாக மாற்றுங்கள். அதுவரை விசிறியின் சுவிட்சைப் போட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.