பள்ளி அவுட்ஃபீல்டரிடம் ஸ்கவுட் எதைப் பார்க்கிறார்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் பள்ளி பேஸ்பால் அணியில் சென்டர் ஃபீல்டில், அதாவது வெளிமைதானத்தின் நடுவில் ஆடுகிறான். பேட்டிங் சராசரி .450க்கு மேல். அவனைப் பார்க்க மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறை பேஸ்பால்) அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் ஒருவர் வந்தாராம். மூன்றாவது இன்னிங்ஸிலேயே எழுந்து போய்விட்டாராம். அப்படி எதைப் பார்த்திருப்பார்?

பதில்:

சீக்கிரம் எழுந்து போனதற்காகக் கவலைப்பட வேண்டாம். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியை ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் பார்த்து முடித்திருப்பார்.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என் மகன் பள்ளி அணியில் ரைட் ஃபீல்டில் ஆடிய காலத்தில், எதிரணிப் பையன்களைப் பார்க்க வரும் ஸ்கவுட்களுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். என் மகனைப் பார்க்க யாரும் வந்ததில்லை. அதனால் பதற்றமில்லாமல் அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க முடிந்தது. அந்த அளவில்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த .450ஐ, அதாவது நூறு முறை அடிக்க முயன்றால் 45 முறை அடித்து பேஸை எட்டுவதை, ஒதுக்கிவையுங்கள். மேஜர் லீகில் .300 எடுத்தாலே பெரிய பேட்டர் என்பார்கள். பள்ளி ஆட்டத்தில் அந்த எண் எதையும் சொல்லாது. ஒரு நாள் மணிக்கு 85 மைல் வேகத்தில் வீசும் பிட்ச்சர் வருவான். அடுத்த நாள் ஆள் இல்லாமல் நிறுத்தப்பட்ட ஒருவன் 70 மைலில் வீசுவான். இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். பள்ளியில் பயன்படுத்துவது உலோக பேட் வேறு. உட்பக்கம் வந்த பந்து பேட்டின் கைப்பிடிக்கு அருகில் பட்டாலும் உலோக பேட் ஓரளவு காப்பாற்றிவிடும். மர பேட்டாக இருந்தால் உடைந்து கையோடு வரும். தொழில்முறை ஆட்டத்தில் மர பேட் மட்டும்தான்.

ஆகவே ஸ்கவுட் எண்களை விட்டுவிட்டு உடலையும் அசைவையும் பார்க்கிறார். அவுட்ஃபீல்டர் (வெளிமைதானத்தில் நிற்கும் ஃபீல்டர்) விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்தான். அதில் சென்டர் ஃபீல்டருக்கு இரண்டு மூன்று பந்துகள் வந்தால் அதிகம். ஒன்றுகூட வராத நாளும் உண்டு. அதனால்தான் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்கே வந்துவிடுகிறார்கள். அங்கே பையன் ஓடிப் பிடித்து, மூன்றாவது பேஸுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) வரிசையாக எறிவான். பந்து வளைந்து தொங்காமல் தாழ்வாக, நேர்க்கோட்டில் போகிறதா, ஒரே துள்ளலில் சேர்கிறதா என்பது அந்தச் சில எறிகளிலேயே தெரிந்துவிடும். வலுவான எறி இருந்தால் ரைட் ஃபீல்டுக்கு ஆகும். முதல் பேஸில் இருந்து மூன்றாவது பேஸுக்கு ஓடுகிறவனை அங்கிருந்துதான் தடுக்க வேண்டும். எறி சுமாராக இருந்தாலும் கால் வேகமாக இருந்தால் சென்டர் ஃபீல்டில் நிற்கலாம். எறியும் சுமார், ஓட்டமும் சுமார் என்றால் லெஃப்ட் ஃபீல்ட். அங்கே நிற்கிறவன் பேட்டால் மட்டுமே பிழைக்க வேண்டும். உங்கள் அண்ணன் மகன் சென்டர் ஃபீல்டில் ஆடுவது நல்ல தொடக்கம்.

ஓட்டத்தை அளப்பது எளிது. பேட்டில் பந்து பட்ட கணத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கும். 90 அடி தள்ளியிருக்கும் முதல் பேஸை மிதித்ததும் நிற்கும். வலக்கை பேட்டருக்கு 4.3 விநாடியை மேஜர் லீக் சராசரியாகக் கொள்வார்கள். இடக்கை பேட்டர் பேஸுக்குச் சில அடி அருகில் நிற்பதால் 4.2. பையன் தரையோடு உருளும் எளிதான பந்தை அடித்துவிட்டு, எப்படியும் அவுட்தான் என்று மெதுவாக ஓடினால் அந்த எண் வீணாகிவிடும். மூன்று இன்னிங்ஸுக்குள் ஒரு முறையாவது முழு வேகத்தில் ஓடியிருப்பான் என்று நம்புவோம். தனித் தேர்வு முகாம்களில் 60 கஜ ஓட்டம் வைப்பார்கள். 6.7 விநாடிக்குள் முடித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள், 6.5க்குக் கீழே போனால் பக்கத்து ஸ்கவுட்டின் கடிகாரத்தையும் எட்டிப் பார்ப்பார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் கண் ஃபீல்டிங் என்றதும் கேட்ச்சைத் தேடும். கையில் அவ்வளவு பெரிய கையுறை இருக்கும்போது பிடிப்பது கடைசிக் காரியம். ஸ்கவுட் தேடுவது முதல் அடியை. பந்து பேட்டில் பட்டவுடன் பையன் எந்தப் பக்கம் திரும்புகிறான், பந்து விழப்போகும் இடத்துக்கு நேராகப் போகிறானா, வளைத்துக்கொண்டு போகிறானா? தலைக்கு நேரே வரும் பந்துதான் அவுட்ஃபீல்டருக்கு மிகக் கடினம், தூரம் தெரியாது. பாய்ந்து விழுந்து பிடித்தால் பெற்றோர்கள் கைதட்டுவார்கள். ஸ்கவுட் சில சமயம் அதே கேட்ச்சுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். தாமதமாகக் கிளம்பியதால்தான் பாய வேண்டி வந்தது என்று அவருக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது எல்லாம் கண்ணால் பார்த்தோ கடிகாரத்தால் அளந்தோ தெரிந்துகொள்ளக்கூடியது. பேட்டிங்கைத்தான் கணிக்க முடியாது. மணிக்கு 90 மைலைத் தாண்டி வரும் பந்து பேட்டரை அடைய ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் பந்தின் வகையைப் புரிந்துகொண்டு, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, பேட்டை வீச வேண்டும். அந்த வேகத்தையும் அதோடு கலந்து வரும் நல்ல கர்வ்பாலையும் (வளைந்து கீழிறங்கும் பந்து) பள்ளி மாணவன் வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பான்? ஸ்கவுட் வலக்கை பேட்டர் என்றால் முதல் பேஸ் பக்கம் நகர்ந்து நிற்பார். கைகளும் மார்பும் அங்கிருந்துதான் தெரியும். கைகள் எவ்வளவு தாமதமாகக் கிளம்பி எவ்வளவு வேகமாக வருகின்றன, கர்வ்பால் வந்தால் முழங்கால் மடங்கிவிடுகிறதா, ஏமாந்த பிறகு அடுத்த பந்துக்கு என்ன செய்கிறான் என்று பார்ப்பார். நல்ல பிட்ச்சரிடம் அவுட்டான ஒரு ஆட்டம், மோசமான பிட்ச்சரை விளாசிய பல ஆட்டங்களைவிட அவருக்கு அதிகம் சொல்லும்.

இதையெல்லாம் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் எழுதுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்கள்: இன்றைக்கு ஒன்று, பல வருடம் கழித்து எதிர்பார்ப்பது ஒன்று. பள்ளியிலேயே சிறந்த பேட்டர் என்று பெயர் எடுத்த பையனுக்கும் இன்றைய எண் 25, 30 என்று இருக்கலாம். பெற்றோர் பார்த்தால் மனம் உடைந்துபோவார்கள். நல்ல வேளையாக யாரும் காட்டுவதில்லை. இரண்டாவது எண்ணுக்காகத்தான் தோள் அகலத்தையும் மணிக்கட்டையும் பார்ப்பது, இன்னும் சதை போடுமா என்று கணிப்பது எல்லாம். பெண் பார்க்கப் போகிறவர்கள் குடும்பத்தையும் சேர்த்து எடைபோடுவது போல, அப்பா அம்மாவின் உயரத்தையும் கட்டுமஸ்தையும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

இவ்வளவு பார்த்தும் எவ்வளவு தவறுகிறார்கள் என்பதற்கு 2009 டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் வருடாந்திர நிகழ்ச்சி) போதும். மூன்றாவது இடத்தில் சான் டியாகோ அணி ஜார்ஜியாவின் பள்ளி அவுட்ஃபீல்டர் டொனவன் டேட்டை எடுத்தது. ஓட்டம், எறி, உடல் எல்லாம் கண்ணைப் பறிக்கும் ரகம். அமெரிக்கன் ஃபுட்பாலிலும் பெரிய பெயர். கொடுத்த போனஸ் 62.5 லட்சம் டாலர். காயங்கள் விடாமல் துரத்தின, பேட்டும் கைகொடுக்கவில்லை. மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதே இரவு எங்கள் மாநிலத்தின் மில்வில் ஊர்ப் பையன் மைக் டிரவுட் நியூ ஜெர்சி ஸ்டுடியோவில் உட்கார்ந்து, 24 பெயர்கள் வாசித்து முடியும்வரை காத்திருந்தான். 25வதாக ஏஞ்சல்ஸ் அணி எடுத்தது. அதே ஏஞ்சல்ஸ் 24வது வாய்ப்பில் டெக்சாஸின் ராண்டல் கிரிச்சக் என்ற இன்னொரு பள்ளி அவுட்ஃபீல்டரை எடுத்துவிட்டுத்தான் இவனிடம் வந்தது. 2012இல், 20 வயதில் தொடங்கிய சீசனில், டிரவுட் 30 ஹோம் ரன்களும், பிட்ச்சர் வீசும் நேரத்தில் ஓடிக் கைப்பற்றும் 49 திருடிய பேஸ்களும் எடுத்தார். பிறகு மூன்று முறை அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர்.

மற்ற அணிகள் ஏன் தயங்கின? மில்வில்லில் மார்ச் மாதம் கையுறைக்குள்ளேயே விரல் விறைக்கும். கலிஃபோர்னியா, டெக்சாஸ் பையன்கள் வருடம் முழுவதும் ஆடும்போது, இங்கே பள்ளி ஆட்டங்கள் குறைவு. எதிர்த்து வீசும் பிட்ச்சர்களின் தரமும் குறைவு. டிரவுட் பள்ளியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஆடியவர். அவுட்ஃபீல்டுக்கு வந்ததே கடைசியில்தான். அவரை விடாமல் பின்தொடர்ந்த ஏஞ்சல்ஸ் ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், டிரவுட்டின் அப்பா ஜெஃப்போடு மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் ஒன்றாக ஆடியவர். அப்பாவின் ஆட்டத்தை நேரில் அறிந்தவருக்கு மகனின் உடல் எங்கே போகும் என்று கணிப்பதில் மற்றவர்களைவிடத் துணிச்சல் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

உங்கள் அண்ணன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். டிராஃப்ட் இப்போது 20 சுற்றுகள்தான். முன்பு 40, அதற்கு முன் 50. பள்ளியிலிருந்து நேராக எடுக்கப்படுகிறவர்கள் சிலரே. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடிந்தபின் அல்லது 21 வயதில் மறுபடியும் தகுதி வரும். ஆகவே இவன் கல்லூரிக்குப் போகட்டும் என்று ஸ்கவுட் எழுதியிருந்தால் அது நிராகரிப்பு அல்ல. கோடையில் மர பேட் பயன்படுத்தும் அணியில் அவனை ஆடச் சொல்லுங்கள். பயிற்சியில் எறியும் ஒவ்வொரு பந்தையும் ஆட்டத்தில் எறிவது போலவே எறியச் சொல்லுங்கள். அவர் உண்மையிலேயே ஆர்வமாக இருந்தால் பயிற்சியாளர் மூலம் ஒரு படிவம் வரும்: உடல் அளவுகள், பழைய காயங்கள், கல்லூரி எண்ணம் என்று கேட்டிருப்பார்கள். வந்த வாரத்திலேயே நிரப்பி, வரவிருக்கும் ஆட்டங்களின் அட்டவணையையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.