தாத்தாவின் மில்லிங் மிஷினுக்கு மோட்டார் மாட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் தாத்தாவின் சின்ன மில்லிங் மிஷின் இருபது வருஷமாகக் கிடக்கிறது. கட்டரைத் தாங்கும் தண்டான ஆர்பரைப் படுக்கை வாக்கில் மாட்டும் வகை. பட்டை பெல்ட் ஓடிய மூன்று படிப் புல்லி இருக்கிறது, மோட்டார் இல்லை. துரு ஏறியிருந்தாலும் கையால் சுற்றினால் சுழல்கிறது. வீட்டில் சிங்கிள் பேஸ்தான். பழைய பம்பிலிருந்து கழற்றிய 1 எச்.பி. மோட்டார் ஒன்று சும்மா இருக்கிறது. அதை மாட்டி ஓட்டலாமா?

பதில்: தம்பி, மிஷின் ஓடும். ஆனால் அந்தப் பம்பு மோட்டார் வேண்டாம். வீட்டுப் பம்பு மோட்டார் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 2880 சுற்றுக்குக் கட்டியது. பெல்ட் பக்கவாட்டில் இழுப்பதைத் தாங்கும்படி அதன் பேரிங்கைப் போட்டிருக்கவும் மாட்டார்கள். 1440 சுற்றில் ஓடும், அடியில் கால் வைத்த மோட்டாராகப் பாருங்கள். இந்த அளவு மிஷினுக்கு அரை எச்.பி. போதும், 1 எச்.பி. தாராளம்.

மோட்டார் என்றதும் எல்லோரும் எச்.பி.யைத்தான் கேட்கிறார்கள். இதில் அது பெரிய விஷயமே இல்லை. வேகத்தைக் குறைப்பதுதான் வேலை. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டரில் மைல்டு ஸ்டீல் வெட்டும்போது பல்லின் முனை நிமிஷத்துக்கு 25 மீட்டர் அளவில் ஓடினால் சரியாக இருக்கும். 63 மி.மீ. கட்டர் ஒரு சுற்றுக்கு 198 மி.மீ. போகிறது. 25,000-ஐ 198-ஆல் வகுத்தால் 126 சுற்று. நெல்லையப்பர் தேர் மாதிரி, கனமும் நிதானமுமாகப் போக வேண்டிய விஷயம் இது. மோட்டார் வேகத்தைப் பாதியாக மட்டும் குறைத்து 720-ல் விட்டால் பல் முனை 142 மீட்டரில் ஓடும். முதல் வெட்டிலேயே முனை நீலம் பாரித்து மழுங்கிவிடும்.

ஒரே தாவலில் 1440-ஐ 126-க்குக் கொண்டுவர முடியாது. நடுவில் ஒரு கவுண்டர் ஷாஃப்ட் (இடைத்தண்டு) போடுங்கள். மோட்டாரில் 75 மி.மீ. வி-பெல்ட் புல்லி, கவுண்டர் ஷாஃப்டில் 300 மி.மீ. புல்லி, வேகம் 360 ஆகிவிடும். அதே ஷாஃப்டில் உங்கள் மிஷினின் படிப் புல்லிக்கு ஜோடியாக இன்னொன்றைத் திருப்பிப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் பட்டை பெல்ட்டை ஓட விடுங்கள். படிகள் 80, 150, 220 மி.மீ. என்று வைத்தால் 131, 360, 990 என மூன்று வேகம் வரும். உங்கள் படிகளை அளந்து கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஜோடிப் புல்லியைப் பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஆர்பரைச் சுழற்றும் ஸ்பிண்டில் பேரிங்கில் ஓடாமல் கன்மெட்டல் புஷ்ஷில் (வெண்கல வளையத்தில்) ஓடுகிற மிஷினாக இருந்தால் 990 பக்கம் போகவே வேண்டாம்.

சிலர் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி) போட்டால் வேகத்தைத் திருகியே குறைக்கலாமே என்பார்கள். சிங்கிள் பேஸில் வாங்கி த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டும் டிரைவ் நல்ல சாமான்தான். வெட்டின பரப்பும் வழுவழுப்பாக வரும். ஆனால் மோட்டாரை ரொம்ப மெதுவாக ஓட்டினால் அதன் விசிறியும் மெதுவாகி உடம்பு சூடேறும். அதனால் புல்லியில் குறைத்துவிட்டு, கொஞ்சம் கூட்டக் குறைக்க மட்டும் டிரைவை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 415 வோல்ட்டுக்கு ஸ்டார் என்ற இணைப்பில் கட்டியதை 240-க்கு டெல்டா என்ற இணைப்பாக மாற்ற அது வேண்டும்.

இதெல்லாம் அப்புறம். முதலில் டேபிளைக் கழற்றுங்கள். அடியில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால், சறுக்குப் பரப்பில் அரைநிலா அரைநிலாவாக நகக்கண் அளவுக்குச் செதுக்கல் தடம் தெரியும். அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு ஃபிட்டர் (மிஷின் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி) செதுக்கும் கருவியான ஸ்க்ரேப்பரைப் பிடித்துக் கையால் போட்டது. எண்ணெய் தங்குவதே அந்தக் குழிகளில்தான். அந்த இடத்தில் கிரைண்டரும் உப்புத்தாளும் படக் கூடாது. மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பித்தளைத் தகட்டால் துருவை வழித்தெடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

பிறகு ஆட்டத்தைப் பாருங்கள். டேபிள் நடுவில் இருக்கும்போது கிப்பை (ஆட்டத்தை எடுக்கும் சறுக்குப் பட்டையை) இறுக்கிச் சரிசெய்தால் இரண்டு கடைசியிலும் பிடித்துக்கொள்ளும். காரணம், இத்தனை வருஷமும் நடுவில்தான் தேய்ந்திருக்கிறது. கடைசியில் லேசாக நகரும் அளவுக்கு வைத்து, நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்.

டேபிளை நகர்த்தும் திருகாணியும் அதே மாதிரி நடுவில் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும். அதனால்தான் கட்டர் சுற்றும் திசையை வயரிங்குக்கு முன்பே தீர்மானிக்கச் சொல்கிறேன். பல் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அதற்கு எதிராகத்தான் வேலைத்துண்டு வர வேண்டும். வேலை பழகிய காலத்தில் நான் இதைக் கவனிக்காமல் டேபிளை மறுபக்கமாக ஓட்டினேன். ஆட்டம் இருந்த அளவுக்கு டேபிள் ஒரே இழுப்பில் கட்டருக்கு அடியில் பாய்ந்தது. கட்டரில் மூன்று பல் போயிற்று, ஆர்பரும் வளைந்தது. வேலைத்துண்டைப் பிடிக்கும் வைஸுக்கு அருகில் கை இல்லாததால் பிழைத்தேன்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். டிரைவ் இல்லாமல் மோட்டாரை நேராக ஓட்டினால் சாதாரண சுவிட்சில் கொடுக்காதீர்கள். கரண்ட் போனதும் தானாக விடுபடும், காயில் (கம்பிச்சுருள்) வைத்த புஷ் பட்டன் ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மிஷின் தானாக ஓடக் கூடாது. நீங்கள் கட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரமாக அது இருக்கலாம். டிரைவ் என்றால் அதன் செட்டிங்கிலேயே தானாக ஸ்டார்ட் ஆவதை நிறுத்திவிடுங்கள், அதற்கு முன்னால் கான்டாக்டர் (காந்த சுவிட்ச்) வைத்து அடிக்கடி அணைக்க வேண்டாம். எர்த் கட்டாயம். பிளக் 16 ஆம்பியர்.

எல்லாம் கூடியதும் கட்டர் இல்லாமல் அரை மணி நேரம் மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு நிறுத்திவிட்டு ஸ்பிண்டில் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் புஷ் இறுக்கமாக இருக்கிறது, இல்லை எண்ணெய் போகவில்லை. சரியாக இருந்தால் அலுமினியத்தில் அரை மி.மீ. ஆழத்தில் முதல் வெட்டு. சறுக்குப் பரப்புக்கு 68 எண்ணுள்ள ஸ்லைட்வே ஆயில் வாங்குங்கள். நல்லெண்ணெய் காலப்போக்கில் பிசின் மாதிரி ஆகிவிடும்.

ஆற்றங்கரை ஊர் உங்களுடையது. ஐப்பசி மழை பிடித்தால் பின்கட்டுச் சுவர் எல்லாம் ஓதம் ஏறும். மிஷினைப் பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்து ஒரே வாரத்தில் துரு பூக்கும். எண்ணெய் தடவி, பழைய பருத்தி வேட்டியைப் போட்டு மூடுங்கள்.