பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இன்ஜின் சூடாகிறது, விசிறியை மாற்றி அமைக்கலாமா?

சுருக்கமான பதில்: மாற்றலாம், ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வழியிலும் வேண்டாம். சின்ன கிராங்க் புல்லி (இன்ஜினின் முதன்மைத் தண்டில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) போட்டால் இன்ஜினுக்கு இழுவைச் சக்தி கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எலக்ட்ரிக் ஃபேன் வைத்தால் பெல்ட் தொல்லையே போய்விடும் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் நானும் கேட்டிருக்கிறேன். பீட்டில் இன்ஜினுக்குத் தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையாது, அதைக் குளிர்விப்பது விசிறிக் காற்றுதான். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் வண்டி உங்களுக்கு முன்பு ஒருவரிடமோ இருவரிடமோ இருந்து வந்தது என்று நினைக்கிறேன். பின்பக்க மூடியைத் திறந்தால் பளபளவென்று குரோம் பூசிய விசிறிக் கூடு இருக்கும். இன்ஜின் அறையைச் சுற்றி ஓடவேண்டிய ரப்பர் பாதி இருக்காது. கூட்டுக்குள் தெர்மோஸ்டாட்டோடு (சூட்டுக்கேற்ப விரிந்து சுருங்கும் கருவி) இணைந்த மடிப்புத் தகடுகள் இருக்கவே இருக்காது. தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் சூடு பற்றிக் கேட்டு வரும் பீட்டில்களில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன. என் வண்டியும் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

முதலில் சின்ன புல்லி. பீட்டிலின் விசிறி டைனமோவின் பின்முனையில் உட்கார்ந்திருக்கிறது, கிராங்கிலிருந்து ஒரே பெல்ட் அதைச் சுழற்றுகிறது. நிறுவனம் கொடுத்த புல்லிகளில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் விசிறி ஏறக்குறைய 1.8 சுற்று சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால் விசிறி 9,000 சுற்றில் ஓடுகிறது. விசிறிக்கு ஒரு கணக்கு உண்டு: காற்றின் அளவு வேகத்துக்கு நேராகக் குறையும், அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் குறையும், அது தின்னும் சக்தி வேகத்தின் கனமாகக் குறையும். சின்ன புல்லி போட்டு விசிறியை 20 சதவீதம் மெதுவாக்கினால் அது தின்னும் சக்தி பாதியாகிவிடும். ஆகவே 'இழுவை கூடும்' என்பது பொய் இல்லை. பந்தயத்தில் கொஞ்ச நேரம் உச்ச வேகத்தில் ஓடி நிறுத்துகிறவருக்கு அது நியாயமான மாற்றம், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதே 20 சதவீதத்தில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. சிலிண்டர் ஃபின்களின் (சூட்டை வெளியே விடும் மெல்லிய உலோக மடிப்புகள்) நெருக்கமான இடுக்குகளுக்குள் காற்றைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் ஏற்றத்தில் கனமாக இழுக்கும்போதும் இன்ஜின் வேகம் ஏற்கெனவே குறைவு, அங்கே இருக்கிற காற்றையும் பிடுங்கிக்கொண்டால் சிலிண்டர்களின் மூடியான ஹெட் என்ன ஆகும்? போதாக்குறைக்கு டைனமோவும் அதே பெல்ட்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகும். ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) சார்ஜ் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தால் புல்லியைப் பாருங்கள்.

எதிர்த்திசையில் போய் விசிறியை இன்னும் வேகமாகச் சுழற்றலாமே என்று கேட்பவர்களுக்கும் அதே கணக்குதான். 20 சதவீதம் வேகம் கூட்டினால் தின்னும் சக்தி 70 சதவீதத்துக்கு மேல் கூடும். பெல்ட் வழுக்கும், விசிறியின் நடுப்பகுதியில் விரிசல் விழும். பந்தயக்காரர்கள் விசிறி இலைகளை வெல்டு வைத்து, பிறகு கட்டாயம் பேலன்ஸ் பார்த்துதான் போடுகிறார்கள். பேலன்ஸ் பார்க்காமல் வெல்டு வைத்த விசிறி டைனமோ பேரிங்கைச் சாப்பிட்டுவிடும்.

எலக்ட்ரிக் ஃபேன் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். 12 வோல்ட்டில் அது 62 ஆம்பியர். வேகத்தில் ஓடும்போது பீட்டிலின் விசிறி பல குதிரைசக்தியை எடுக்கிறது. மூன்று என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 180 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் டைனமோ மொத்தமே தருவது 30 ஆம்பியர், அதாவது அரைக் குதிரைசக்தி. அதையும் இன்ஜின்தான் சுழற்றித் தரவேண்டும். சுழற்சியை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்கினால் இரண்டு இடத்திலும் நஷ்டம். ரேடியேட்டர் ஃபேனைக் காட்டி 'அது மட்டும் வேலை செய்கிறதே' என்பார்கள். ரேடியேட்டர் ஃபேனுக்கு எதிரே இருப்பது காற்று எளிதில் புகுந்து வெளியேறும் அகலமான பரப்பு. அதைக் கொண்டுவந்து பீட்டில் கூட்டின் வாயில் பொருத்தினால் காற்று உள்ளே போகாமல் இலைகளுக்கிடையே திரும்பி வழியும். நான் இன்ஜினியர் இல்லை, ஆனால் இந்தக் கூட்டல் கழித்தலுக்கு இன்ஜினியர் தேவையில்லை.

இப்போது என் வண்டிக் கதை. வாங்கியபோது அதில் சின்ன புல்லி, குரோம் கூடு எல்லாம் இருந்தன. திறந்த சாலையில் சமத்தாக ஓடும். நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஐடிலில் ஆயில் விளக்கு கண் சிமிட்டும், அதாவது சூட்டில் ஆயில் நீர்த்து அதன் அழுத்தம் குறைகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் விசிறியைத்தான் குறை சொன்னார்கள். நான் விசிறியை விட்டுவிட்டு, காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

காற்றால் குளிரும் இன்ஜினில் நுழையும் காற்றும் வெளியேறும் காற்றும் கலக்கவே கூடாது. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ஓரத்து ரப்பரும் சேர்ந்து ஒரு தரைபோல அமைகின்றன. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடேறி வெளியேறும் காற்று. ரப்பரில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் கீழே தள்ளிய சூட்டையே விசிறி மறுபடி உறிஞ்சும். எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும் அதே சூட்டைத்தான் இன்னும் வேகமாகச் சுற்றிவிடும். என் வண்டியில் ரப்பர் மூன்று பக்கம் இல்லை. சிலிண்டர்களுக்குக் கீழே, இரண்டு சிலிண்டருக்கு நடுவில் காற்றை வளைத்து அடிப்பக்க ஃபின்களுக்கு அனுப்பும் சின்னத் தகடு ஒன்று உண்டு. அதுவும் இல்லை. அந்தக் குரோம் கூட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் வெற்றுப் பெட்டி. அசல் கூட்டுக்குள் காற்றை நான்கு சிலிண்டருக்கும் பங்கிட்டு அனுப்பும் வளைவுத் தகடுகள் இருக்கும். அழகுக்காக விற்கப்படும் பல கூடுகளில் அவற்றை வைப்பதே இல்லை.

மடிப்புத் தகடுகளையும் தெர்மோஸ்டாட்டையும் 'வெப்பமான ஊருக்கு எதற்கு' என்று கழற்றிப் போடுகிறவர்கள் அதிகம். அவை இன்ஜினை விரைவில் சூடேற்ற மட்டும் இல்லை. திறந்த நிலையில் காற்றை ஆயில் கூலர் பக்கம் திருப்பிவிடுவதும் அவைதான். தெர்மோஸ்டாட் சுமார் 65 முதல் 70 டிகிரிக்குள் முழுதாகத் திறந்துவிடும். அதன் பெல்லோஸ் (விரிந்து சுருங்கும் உலோகக் குடுவை) ஓட்டையானால்கூட விரிந்து, தகடுகளைத் திறந்த நிலையில்தான் வைக்கும். பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் அசலில் இருந்தவைதானே, எங்கே போயின என்று கேட்பீர்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான். முந்தைய உரிமையாளரிடம் கேட்டேன். கிளட்ச் வேலைக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது, திரும்ப மாட்டுவது சிரமம் என்று அவர்களே தகடுகளைக் கழித்துக்கட்டிவிட்டார்களாம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழற்றிய பொருள் வண்டிக்காரருடையது. உடைந்திருந்தாலும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுக்கவேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த ஒரு தகட்டைக் குப்பையில் எறிய யாருக்கும் உரிமை கிடையாது. அந்தத் தகடுகளைத் தேடி நான் அலைந்த அலைச்சல் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

ரப்பர், அடித்தகடு, அசல் புல்லி மூன்றும் வந்ததுமே ஆயில் விளக்குத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. அப்புறம்தான் விசிறியைத் தொட்டேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, ஏனென்றால் நிறுவனமே செய்த மாற்றத்தைத்தான் நானும் செய்தேன். பழைய அமைப்பில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நிற்கும். அந்தச் சிலிண்டருக்குக் காற்றும் குறைவு, வருவதும் ஏற்கெனவே சூடானது. சில ஆண்டு மாடல்களின் டிஸ்ட்ரிபியூட்டரில் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் பாகம்) அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக வைத்ததே இதற்காகத்தான். 1971 மாடலில் கூலரை வெளியே தள்ளித் தனி அறை கொடுத்தார்கள். அதைத்தான் டாக்ஹவுஸ் கூடு என்கிறார்கள். கூடுதல் காற்று வேண்டுமே என்று விசிறியையும் சற்று அகலமாக்கினார்கள். வேகத்தில் கைவைக்காமல் அகலத்தைக் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நீங்களும் இதைச் செய்யலாம். ஆனால் கூடு, அகல விசிறி, கூலர், கூலரின் சூட்டை இன்ஜின் அறைக்கு வெளியே கொண்டுபோகும் சின்னக் குழாய்த் தகடு எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக மாற்றவேண்டும். அந்தக் குழாய்த் தகடு இல்லாமல் போட்டால் கூலரின் சூடு அறைக்குள்ளேயே கொட்டும், மாற்றியதற்கு அர்த்தமில்லை. பழைய கிராங்க்கேஸில் (இன்ஜினின் உடல்) கூலருக்கான ஆயில் துளையின் அளவு வேறு, அதற்கேற்ற சீல் போடுங்கள். விசிறிக்கும் பின்தகட்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வேண்டும், நடுவில் வைக்கும் வளையங்களைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்யலாம். கையால் சுற்றிப் பார்த்து உரசல் சத்தம் இல்லை என்று உறுதியான பிறகே பெல்ட் மாட்டுங்கள்.

'காற்றால் குளிரும் போர்ஷே 911-இலேயே விசிறியை மாற்றினார்களே' என்று யாராவது கீழே எழுதுவார்கள். மாற்றினார்கள். 1976, 1977 மாடல்களில் ஐந்து இலை விசிறி வைத்தார்கள், அடுத்ததாக வந்த 911 எஸ்சி மாடலில் பதினோரு இலைக்கே திரும்பினார்கள். நிறுவனமே கைவிட்ட மாற்றத்தை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள்.

எனவே நாளை காலை விசிறியைத் தொடாதீர்கள். புல்லிகளில் சாக்பீஸால் கோடு போட்டு கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மேல் புல்லி ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்று மேலே வரவேண்டும், கணிசமாகக் குறைந்தால் உங்கள் வண்டியிலும் சின்ன புல்லிதான். பிறகு ஒரு விளக்கோடு கீழே படுத்து, இன்னொருவரை மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு இடமும் சூடு ஏறிவரும் வழி. அதையெல்லாம் அடைத்த பிறகும் சூடு குறையாவிட்டால் இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டர் கலவையையும் பாருங்கள். பெட்ரோல் குறைந்த கலவையும் முந்திய தீப்பொறியும் உண்டாக்கும் சூட்டை எந்த விசிறியாலும் தணிக்க முடியாது.